தேன்சிட்டும் கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சியும்: பென்டாக்ஸ் பபிலியோ பைனாகுலர், ஒரு வருட மொட்டைமாடி அனுபவம்

முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக வாங்கலாமா வேண்டாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேடந்தாங்கல் போய் ஏரி நடுவில் மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரையைப் பார்க்கத்தான் பைனாகுலர் தேடுகிறீர்கள் என்றால் இது வேண்டாம், 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) ஏதாவது ஒன்றை வாங்குங்கள். வீட்டில் ஒரு பால்கனியோ மொட்டைமாடியோ இருக்கிறது, அங்கே நாலு பூந்தொட்டி இருக்கிறது, அதற்கு வந்து போகும் சின்ன உயிர்களை முகத்துக்கு முகம் பார்க்க ஆசை என்றால் பென்டாக்ஸ் பபிலியோ 2, 6.5×21 வாங்கலாம். நான் கையில் பிடித்துப் பார்த்தவற்றில் இந்த வேலைக்கு இது அளவுக்கு வேறு எதுவும் உதவவில்லை.

நான் இதை வாங்கியதற்குக் காரணம் கீழ்வீட்டு அக்கா. போன வருடம் ஐப்பசியில், இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு காலை, படியேறி வந்து கதவைத் தட்டி "தம்பி, ஹம்மிங்பேர்டு வந்திருக்கு, சீக்கிரம் மாடிக்கு வாங்க" என்றார். நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் எல்லோருமாகச் சேர்த்து முப்பது தொட்டி வைத்திருக்கிறோம். நான் போவதற்குள் அது பறந்துவிட்டது. அவர் போனில் எடுத்த வீடியோவில் இட்லிப்பூ கொத்துக்கு முன்னால் பச்சையாக ஏதோ ஒன்று அந்தரத்தில் நிற்கிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. "நம்ம ஊர்ல ஹம்மிங்பேர்டு கிடையாதுக்கா, அது அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு. தேன்சிட்டா இருக்கும்" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இந்த ஒரு வருடமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "தேன்சிட்டு எனக்குத் தெரியாதா தம்பி? அது உட்கார்ந்து குடிக்கும். இது உட்காரவே இல்ல."

ஹம்மிங்பேர்டு இல்லை என்று நான் சொன்னது சரி. ஆனால் தேன்சிட்டு என்றது தப்பு. அவர் பார்த்தது பகலில் பறக்கும் ஒரு அந்துப்பூச்சி. அதை நிச்சயமாகச் சொல்ல எனக்கு இரண்டு மாதமும் ஒரு பைனாகுலரும் தேவைப்பட்டன.

முதலில் நண்பர் ஒருவரிடம் 8×42 கடன் வாங்கினேன். அருமையான கருவிதான், மாடியிலிருந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் வயிற்றில் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் வெறும் மங்கல்தான், அதில் மூன்று மீட்டருக்குள் எதுவும் தெளியாது. பின்னால் நகர்ந்து நகர்ந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முதுகு இடித்த பிறகுதான் பூ தெளிவாகும், அதற்குள் பூச்சி அடுத்த கொத்துக்குப் போயிருக்கும். பைனாகுலர் விற்பவர்கள் எத்தனை மடங்கு என்பதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். மாடிக்கும் பால்கனிக்கும் வாங்குபவர்கள் அதை விட்டுவிட்டு, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று கேளுங்கள். கணக்கு எளிது. மூன்று மீட்டரில் இருப்பதை 8 மடங்கில் பார்த்தால், வெறுங்கண்ணால் 37 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பது போல. பபிலியோ அரை மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். அரை மீட்டரில் 6.5 மடங்கு என்றால் 8 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பது போல, அதுவும் தெளிவாக. வெறுங்கண்ணை ஒரு பூவுக்கு 8 சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், கண் வலிக்குமே தவிர ஒன்றும் தெளியாது.

இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றால், ஃபோகஸ் சக்கரத்தைக் கிட்டப் பார்வைக்குத் திருப்பத் திருப்ப முன்னால் இருக்கும் இரண்டு லென்ஸும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்கின்றன. நம் இரண்டு கண்ணும் மூக்கு நுனியைப் பார்க்கும்போது உள்பக்கம் திரும்புகிற மாதிரி. சாதாரண பைனாகுலரில் கிட்டத்தில் பார்த்தால் இரண்டு கண்ணுக்கும் இரண்டு வேறு படம் தெரிந்து தலை சுற்றும், இதில் ஒரே படமாகச் சேர்ந்து, ஆழத்தோடு தெரிகிறது. பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு கண்ணில் வைத்தால் வராத ஆழம் அது. எடை 290 கிராம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியதில் முதலில் வந்த பெட்டி ஏற்கனவே பிரித்து ஒட்டியது போல இருந்தது, லென்ஸுக்கு உள்ளே தூசி. திருப்பி அனுப்பி, பணம் வந்து, வேறு இடத்தில் வாங்கி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விலையை எழுதாமல் விடுகிறேன், நான் பார்த்த ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விலை இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கையில் வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு இட்லிப்பூத் தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இட்லிப்பூவைத்தான் சங்க இலக்கியத்தில் வெட்சி என்கிறார்கள், ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிய பூ. ஒரு கொத்தில் எத்தனையோ பூ, ஒவ்வொன்றும் தீக்குச்சி மாதிரி நீண்ட மெல்லிய குழல், அதன் அடியில் ஒரு துளித் தேன். அந்தத் தேனை எடுக்க நீளமான நாக்கு இருந்தே ஆக வேண்டும். எட்டு மணிக்கு முன்னால் அது வந்துவிட்டது, கிட்டத்தட்ட எண்பது சென்டிமீட்டர் தூரத்தில்.

முதலில் தெரிந்தது கண். உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிய, கருத்த, பளபளக்கும் கண். முதுகு முழுக்கப் பச்சைப் பாசி மாதிரி அடர்ந்த ரோமம், வயிற்றுக்குக் குறுக்கே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை, வால்பக்கம் கருப்பு மயிர்க்கற்றை. அந்தக் கற்றையை விசிறி மாதிரி விரித்துச் சுருக்கித் திரும்புகிறது, தூரத்திலிருந்து பார்த்தால் யாருமே பறவை வால் என்றுதான் சொல்வார்கள். இறக்கை அடிப்பதே தெரியவில்லை, உடம்புக்கு இரண்டு பக்கமும் காற்று நடுங்குகிறது, அவ்வளவுதான். நடுவில் ஒரு கணம் ஓர் இலையில் உட்கார்ந்தபோது தெரிந்தது, இறக்கை கண்ணாடி. நரம்பு மட்டும் கோடு கோடாக, நடுவில் ஒன்றுமே இல்லாதது போல, பின்னால் இருந்த இலையின் பச்சை அப்படியே தெரிந்தது. தலையில் இரண்டு உணர்கொம்பு, நுனிக்குப் போகப் போகத் தடித்துக் கடைசியில் கொக்கி போல வளைந்து. கொம்பைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. எந்தப் பறவைக்கும் உணர்கொம்பு கிடையாது.

அப்புறம் அந்த நாக்கு. பறக்கும்போது கைக்கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி முகத்துக்குக் கீழே வைத்திருக்கிறது. பூவுக்கு எதிரே வந்து நின்றதும் அது நீண்டு, குழலின் வாயைத் தடவிப் பார்த்து, உள்ளே போகிறது. உடம்பு அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது, நாக்கு மட்டும் வேலை செய்கிறது. ஒரு பூவுக்கு ஒரு நொடிகூட இல்லை. ஒரு கொத்தை முடித்துவிட்டுப் பின்னோக்கிப் பறந்து, பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்த கொத்து. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன், அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

இதன் அறிவியல் பெயர் செபனோடெஸ் ஹைலாஸ். ஆங்கிலத்தில் காபி பீ ஹாக்மாத் என்கிறார்கள். புழுப் பருவத்தில் காபிச் செடியையும் அதன் குடும்பத்தையும் தின்னும் என்பதால் காபி, பறக்கும்போது பெரிய வண்டுத் தேனீ போல இருப்பதால் பீ, ஹாக்மாத் என்பது இந்த அந்துப்பூச்சிகளின் குடும்பப் பெயர். ஆப்பிரிக்காவில் தொடங்கி இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா வரை உண்டு. எங்கள் வீட்டில் கண்ணாடிச் சிறகு அந்து என்று பெயர் வைத்துவிட்டோம். அம்மாவுக்கு மட்டும் இந்தப் பெயர் பிடிக்கவில்லை, அந்து என்றால் அவருக்கு அரிசியில் வருவதும் பட்டுப்புடவையில் ஓட்டை போடுவதும்தான்.

இப்போது தேன்சிட்டு. எங்கள் மாடிக்கு இரண்டு வகை வருகிறது, அதிகம் வருவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, லெப்டோகோமா சைலோனிகா. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 10 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு வயிறு மஞ்சள், முதுகு கருஞ்சிவப்பு, தலையிலும் தோளிலும் பச்சை, தொண்டையும் பிட்டமும் ஊதா. பெண் அடக்கமான நிறம், தொண்டை வெள்ளை, நெஞ்சு மஞ்சள். இன்னொரு வகையான ஊதாத் தேன்சிட்டில் ஆண் வருடத்தில் சில காலம் பளபளப்பை இழந்து பெண்ணைப் போல நிறம் மாறி நிற்கும், இந்த ஊதாப்பிட்டத்தில் அப்படி மாறுவது கிடையாது, அதனால் எந்த மாதம் பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பது எளிது.

தேன்சிட்டை அரை மீட்டரில் பார்க்க முடியாது, அது அனுமதிக்காது. எங்கள் மாடியில் மூன்று நாலு மீட்டர் வரை பொறுத்துக்கொள்ளும். படிக்கட்டுக் கதவின் நிழலில் நின்று ஹமீலியா தொட்டியைப் பார்த்தேன். ஹமீலியாவின் ஆரஞ்சுக் குழல் பூவுக்கு இரண்டு பேருமே வருகிறார்கள், அந்தும் சிட்டும், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல செடி இல்லை. ஆண் சிட்டு வந்து பூக்கொத்தின் காம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியது. பபிலியோவில் அந்தக் கால் தெரிந்தது. மூன்று விரல் முன்னால், ஒரு விரல் பின்னால், கம்பியைச் சுற்றிக் கட்டிய கயிறு போலக் காம்பை இறுக்கியிருக்கிறது. காம்பு ஆடுகிறது, சிட்டு சேர்ந்து ஆடுகிறது, அலகு மட்டும் பூவை விட்டு வெளியே வரவில்லை.

அக்கா சொன்னது இதைத்தான். அது உட்கார்ந்து குடிக்கும். தேன்சிட்டு, காகம், மைனா, புல்புல், தையல்சிட்டு எல்லாம் பேசரின் என்ற ஒரே பெரிய வரிசை, உலகத்துப் பறவை வகைகளில் பாதிக்கும் மேல் இதற்குள் அடக்கம். கிளையைப் பற்றிக்கொண்டு உட்காருவதற்கென்றே அமைந்த அந்தக் கால்தான் இந்த வரிசையின் பொது அடையாளம். அந்தரத்தில் நிற்க தேன்சிட்டுக்கும் தெரியும், ஒரு கணம் இரண்டு கணம் நின்று பார்க்கும், ஆனால் அது அதன் தொழில் இல்லை. உட்கார இடமிருந்தால் உட்கார்ந்துவிடும். அந்துக்கும் ஆறு கால் இருக்கிறது, குடிக்கும்போது அதில் ஒன்றைக்கூடப் பூவில் வைப்பதில்லை. ஒரே பூ, ஒரே தேன். பறவை காலை நம்பி வாழ்கிறது, பூச்சி இறக்கையை நம்பி வாழ்கிறது. வீடியோவில் மங்கலாகத் தெரிந்த ஒன்றை வெறுங்கண்ணால் கவனித்து அக்கா இதைச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

நாக்கிலும் இதே மாதிரி ஒரு வித்தியாசம். சிட்டின் அலகு வளைந்த ஊசி, அதற்குள் குழல் போலச் சுருண்ட நாக்கு, நுனியில் பிளவு. அலகு எட்டாத பூவாக இருந்தால் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் செம்பருத்தி மொட்டுகளின் அடிப்பக்கத்தில் ஊசி குத்தியது போன்ற துளையை நான் முன்பு பூச்சி அரித்தது என்று நினைத்திருந்தேன், சிட்டு குத்துவதை இந்தப் பைனாகுலரில்தான் பார்த்தேன். அந்துக்கு அந்த வழி இல்லை, அதன் நாக்கு மெல்லிய குழல், குத்த முடியாது, பூவின் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் லென்ஸ் எவ்வளவு நல்லது என்பது அங்கேதான் தெரியும். ஆண் சிட்டின் தொண்டை நிழலில் வெறும் கருப்பு. வெயில் பட்டு அது தலையைத் திருப்பும் அந்த நொடியில் ஊதா எரிகிறது, மறுபடி கருப்பு. இறகின் நுண்ணிய அமைப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால் வரும் நிறம் அது, அதனால்தான் கோணத்துக்குக் கோணம் மாறுகிறது. மலிவான பைனாகுலரில் இந்த இடத்தில் ஓரத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கோடு விழும். இதில் நடுப்பகுதியில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை, வெளுத்த வானத்துக்கு எதிரே பார்க்கும்போது ஓரத்தில் மட்டும் லேசாக.

குறைகள். முதல் குறை, இருட்டு. முன் லென்ஸ் 21 மில்லிமீட்டர்தான், 6.5 ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை 3.2 மில்லிமீட்டர். அந்தி நேரத்தில் நம் கண்பாவை அதைவிட அகலமாகத் திறந்திருக்கும், அதனால் படம் இருண்டுவிடும். எங்கள் மாடியில் நந்தியாவட்டையும் அரளியும் இருப்பதால் அவற்றைத் தின்று வளரும் இன்னொரு பெரிய ஹாக்மாத், பச்சையும் இளஞ்சிவப்புமாக ராணுவச் சட்டை போட்டது போல இருக்கும் அரளி அந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் வருகிறது. பார்க்கவே முடியவில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டு பகலில் தூங்கும்போது பார்த்தால்தான் உண்டு. ராத்திரி வெள்ளைத்துணி கட்டி விளக்குப் போட்டு அந்துப்பூச்சி பார்ப்பவர்களுக்கு, விளக்கு வெளிச்சம் நேராக விழும் இடத்தில் மட்டும் இது உதவும்.

இரண்டாவது, இது தண்ணீர் தாங்கும் கருவி இல்லை. சென்னையில் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மழைக்கு அப்புறம்தான் பூச்சி அதிகம் வரும், நாமும் அப்போதுதான் மாடிக்குப் போவோம், ஒரு தூறல் போதும். மழை மட்டும் இல்லை, வருடம் முழுக்க இங்கே காற்றில் இருக்கும் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். நான் மூடி இறுக்கமான பெரிய டப்பர்வேர் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் நாலு போட்டு வைக்கிறேன், மாதம் ஒரு முறை பொட்டலத்தை வெயிலில் காயவைக்கிறேன். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் உப்புக்காற்றில் திறந்து வைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, ஃபோகஸ் சக்கரம். அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை போக வேண்டும் என்பதால் நிறையச் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு வேப்பமரத்தில் சிட்டு கத்தினால், சுற்றி முடிப்பதற்குள் அது பாட்டை முடித்துவிடும். கிட்டத்தில் பார்க்கும்போது தெளிவாக இருக்கும் ஆழம் மிகக் குறைவு, அந்து இரண்டு விரல்கடை முன்னால் வந்தாலே மங்கிவிடும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி, பூச்சியைத் துரத்தாமல் ஒரு பூங்கொத்துக்கு ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருப்பது. எப்படியும் அந்தக் கொத்துக்கு வரும். கண்ணாடி அணிபவர்கள் ஒரு தடவை கையில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மில்லிமீட்டர் இடைவெளி கொடுத்திருக்கிறார்கள், என் மெல்லிய கண்ணாடிக்குப் போதுகிறது, என் மனைவியின் கண்ணாடிக்கு ஓரம் வெட்டுகிறது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறது என்பதற்காகப் பறவைக் கூட்டுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகாதீர்கள். தை மாதம் எங்கள் மாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பியின் நுனியில் பெண் சிட்டு கூடு கட்டியது. சிலந்தி வலையை இழுத்து இழுத்து வந்து நாரையும் காய்ந்த குப்பையையும் ஒட்டிப் பை மாதிரி தொங்கவிட்டது, பக்கத்தில் ஒரு வாசல். பார்ப்பவர்களுக்குக் கம்பியில் குப்பை சிக்கியிருப்பது போலத்தான் இருக்கும், காவலாளி அண்ணன் விளக்குமாற்றோடு அதை எடுக்கப் போனதை அம்மாதான் தடுத்தார். நான் ஐந்து மீட்டருக்கு அப்பால் கதவுக்குப் பின்னாலிருந்து மட்டும் பார்த்தேன், ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. கட்டியது பெண், குஞ்சு பொரித்த பிறகு ஆணும் சேர்ந்து இரை கொண்டுவந்தது. குஞ்சுகளுக்குத் தேன் போதாது. அலகில் சிலந்தியும் பொடிப் பொடிப் புழுவும்தான் இருந்தன.

அந்தப் புழு விஷயத்தில்தான் நானும் கீழ்வீட்டு அக்காவும் நிஜமாகவே முட்டிக்கொண்டோம். அவருடைய கார்டீனியா செடியில் ஒரே வாரத்தில் பாதி இலை காணாமல் போயிருந்தது. காபி, இட்லிப்பூ, ஹமீலியா, கார்டீனியா எல்லாம் ஒரே குடும்பம். இலைக்கு அடியில் பபிலியோவை வைத்துப் பார்த்தால் இலையின் பச்சையோடு பச்சையாக, வாலில் கொம்போடு, விரல் தடிமனில் ஏழு புழு. நர்சரியில் மருந்து அடிக்கச் சொல்லியிருந்தார்கள், அக்கா பாட்டிலும் வாங்கி வைத்துவிட்டார். நான் பைனாகுலரை அவர் கையில் கொடுத்து அறுபது சென்டிமீட்டரில் நிறுத்தினேன். புழு இலை ஓரத்தை மேலிருந்து கீழாக அரிவாள் பிடிப்பது போல வரிசையாகக் கடித்துக்கொண்டு வருவதை அவர் பார்த்தார். "இதுதான் அந்த ஹம்மிங்பேர்டா?" என்றார். "ஆமாக்கா, இதுதான்." வெகுநேரம் பார்த்தார். மருந்துப் பாட்டில் இன்னும் சீல் உடைக்காமல் அவர் வீட்டு லாப்டில் இருக்கிறது. கார்டீனியா மூன்று வாரத்தில் திரும்பத் துளிர்த்துவிட்டது.

ஏழில் நாலு எங்கே போயின என்று தெரியவில்லை. மூன்று இறங்கித் தொட்டியில் காய்ந்த சருகுக்கு அடியில் போய்க் கூட்டுப்புழு ஆயின. அந்தத் தொட்டிக்கு மட்டும் தண்ணீரைக் குறைத்து ஓரமாக ஊற்றினோம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகி, ஒரு விடிகாலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்தார்.

பபிலியோவின் அடியில் டிரைபாட் மாட்டும் திருகுத்துளை இருக்கிறது, இதுவரை சொல்லவில்லை. போன் வைக்கும் சின்ன டிரைபாட்டில் மாட்டி, தொட்டிக்கு எழுபது சென்டிமீட்டர் முன்னால் வைத்தோம், அதனால் என் எட்டு வயது மகளும் கை நடுங்காமல் பார்க்க முடிந்தது. தண்டைப் பிடித்துக்கொண்டு அந்து உட்கார்ந்திருந்தது, இறக்கை விரிந்து காய்ந்துவிட்டது, ஆனால் கண்ணாடி இல்லை. மேலே முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளையாக, திருநீறு பூசியது போல மெல்லிய செதில். பறக்கும் முன்னால் உடம்பைச் சூடேற்ற இறக்கையை நடுக்க ஆரம்பித்தது, அந்தச் செதில் பொடிப் பொடியாக உதிர்ந்து, காலை வெயிலில் அதைச் சுற்றி ஒரு சின்னப் புகை மாதிரி நின்றது. "அப்பா, இறக்கை மறையுது" என்றாள் மகள். முழுசாக மறைந்ததா என்று பார்ப்பதற்குள் எழும்பிவிட்டது. இட்லிப்பூத் தொட்டிக்குப் போகவில்லை, நேராகப் பரங்கிமலைப் பக்கம் போய்விட்டது.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. 8.5×21 என்று இன்னொன்றும் இதே பெயரில் வருகிறது, மடங்கு அதிகம் என்று அதை எடுக்காதீர்கள், கை நடுக்கமும் அதிகம், ஒளியும் குறைவு, பூவைச் சுற்றித் திரியும் ஒன்றைத் தேடிப் பிடிக்க 6.5 தான் எனக்குச் சுலபமாக இருந்தது. பெட்டி வந்ததும் முன் லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து உள்ளே தூசி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஒரு பத்து ரூபாய் நோட்டைச் சுவரில் ஒட்டி அரை மீட்டரில் நின்று எழுத்தைப் படியுங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே எழுத்தாகத் தெரியவில்லை என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.